வடசென்னைக் கடலோரத்தில் களப்பணி: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் ஆமை, பறவை, அலையாத்தி என்று ஏதாவது வேலை செய்ய வேண்டும் என ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கல்லூரி முடித்தவர்கள், பாதியில் நிற்பவர்கள், ஐ.டி. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள், காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில்.

முதல் வருஷம் என்ன வேலை கொடுப்பார்கள்?

எண்ணுவது, அளப்பது, எழுதுவது, சுமப்பது. ஆமைப் பருவத்தில் இரவில் மணலில் நடக்க வேண்டும். கரையில் செத்து ஒதுங்கிய ஆமையின் ஓட்டை டேப்பால் அளந்து, மறுநாள் இன்னொருவர் அதையே திரும்ப எண்ணாமல் இருக்கப் பெயிண்டில் ஒரு குறி போட வேண்டும். மழைக்கு முன்னால் அலையாத்தி விதை பொறுக்குவது, பையில் களிமண் நிரப்புவது. மற்ற நாட்களில் தண்ணீரின் உப்பைப் பார்ப்பது, போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று கணக்கெடுப்பது, ஊர்க் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது.

ஆமைக் குஞ்சைக் கையில் ஏந்தி நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு மாதம் தாண்டியும் இந்தக் கணக்கு வேலை அலுக்கவில்லை என்றால் நீங்கள் இதற்கு ஏற்ற ஆள்.

ஆமை என்றால் பெசன்ட் நகர், நீலாங்கரை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். வடக்கே என்ன இருக்கிறது?

சென்னையில் ஆமை நடை, அதாவது முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பது, 1970களில் தெற்குக் கடற்கரையில்தான் தொடங்கியது. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவும் அந்தப் பக்கம்தான். வடக்கின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகரும் மணலைத் தடுத்துவிட்டன. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்க அடுக்கிய பாறைகளைத்தான் இன்று காசிமேடு முதல் திருவொற்றியூரைத் தாண்டியும் பார்க்கிறீர்கள். பாறையில் ஆமை ஏறி முட்டையிட முடியாது. மணல் மிஞ்சியிருக்கும் இடங்கள் துண்டு துண்டாக எண்ணூருக்கு வடக்கே இருக்கின்றன.

ஆனால் தெற்கில் இல்லாதது இங்கே இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம், அதை ஒட்டிய உப்பளங்கள், சேற்றுவெளிகள், பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூர் தாண்டியதும் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரே பார்வையில் அனல்மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல் படிந்த தண்ணீர், வலை வீசும் ஆள், சங்குவளை நாரை எல்லாம் தெரியும். இங்கே வேலை செய்வது என்றால் இவை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான்.

என்ன படித்திருக்க வேண்டும்?

விலங்கியல், தாவரவியல், கடல்சார் உயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களை எடுப்பது வழக்கம். பி.காம். படித்தவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். தொடக்க நிலை வேலைக்குப் பட்டத்தைவிடச் சில பழக்கங்கள் முக்கியம்: நேரத்துக்கு வருவது, பார்த்ததை மட்டும் எழுதுவது, தெரியாத பறவைக்குத் தெரிந்த பெயரை வைக்காமல் இருப்பது. எக்ஸலும் செல்போனில் ஜி.பி.எஸ். குறிப்பதும் தெரிந்தால் உடனே பயன்படும்.

ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வும் தேவைப்படும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம், வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளர்களுக்கான அறிவிப்பு அவ்வப்போது வரும். அவற்றின் இணையதளத்தை நீங்களேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சம்பளம்?

நேராகச் சொல்கிறேன், தொடக்கத்தில் குறைவு. தன்னார்வப் பணிக்குச் சம்பளம் கிடையாது. ஆமைப் பருவத்தில் முட்டைப் பொரிப்பகத்தைக் காவல் காக்கும் வேலை சில மாதங்களுக்கு மட்டும். அது பெரும்பாலும் அந்தந்தக் குப்பத்து இளைஞர்களுக்குப் போகிறது, போகவும் வேண்டும். தொண்டு நிறுவனங்களில் களப் பணியாளர் வேலை ஒரு திட்டத்துக்கான நிதி இருக்கும்வரைதான். நெட் தேர்ச்சியோடு அரசு ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்.

சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: பயணச் செலவு யார் தருகிறார்கள், காப்பீடு உண்டா, திட்டம் எந்த மாதம் முடிகிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம். ‘சேவை மனப்பான்மை’ பற்றி மட்டும் பேசி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத இடத்தில் நான் சேர மாட்டேன்.

வனத்துறையில் நிரந்தர வேலை?

வனக் காவலர், வனக் காப்பாளர் பணிகள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வோடு வருகின்றன. எழுத்துத் தேர்வுக்குப் பின் நடைத் தேர்வு உண்டு. வனக் காப்பாளருக்கு ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர், இரண்டும் நான்கு மணி நேரத்துக்குள். ஆமை நடைக்கு வந்து பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் வேலை கிடைத்தால் கடற்கரையில்தான் போடுவார்கள் என்று எண்ண வேண்டாம். சத்தியமங்கலத்துக்கும் அனுப்புவார்கள்.

ஆமைப் பருவத்தில் இரவு வேலை எப்படி இருக்கும்?

இங்கே முட்டையிட வருவது பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை வரும். இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு குழுவாகக் கிளம்பி, அலை தொடும் கோட்டுக்குச் சற்று மேலே நடப்போம். தேடுவது ஆமையை அல்ல, அது ஊர்ந்த தடத்தை. இந்த வகை ஆமை வலது இடது துடுப்புகளை மாற்றி மாற்றி வைப்பதால் தடம் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்காது. ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவே கலைந்த மணல். அங்கே பயிற்சி பெற்றவர் குழியைத் தேடுவார். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும்.

நாய், மனிதர், கடல் அரிப்பு இவற்றால் ஆபத்து என்றால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். நேரம் ஆக ஆகக் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். அதனால் பொரிப்பகத்தில் மணலின் வெப்பநிலையைத் தினமும் எழுதுவது சும்மா ஒப்புக்குச் செய்யும் வேலை இல்லை.

ஒன்று நினைவிருக்கட்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. அனுமதி பெற்ற குழுவோடு அல்லாமல் நீங்களாகப் போய் முட்டையையோ குஞ்சையோ தொட்டால் அது குற்றம். வெள்ளை டார்ச், போன் ஃபிளாஷ் இரண்டும் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். கடலை விட்டுத் தெருவிளக்குப் பக்கம் திரும்பினால் விடிவதற்குள் காக்கைக்கு இரை.

2025இல் இவ்வளவு ஆமை செத்ததே, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அந்த ஆண்டு ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. ஆமைக்கு நுரையீரல், மூச்சுக்கு மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டி நீண்ட நேரம் தண்ணீருக்குள் இருந்தால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். ஆமைகள் திரள்வதும் அந்தப் பகுதியில்தான். வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்கும் கருவியும் உண்டு. மீனும் அதன் வழியே போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை. அதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

களத்தில் இருப்பவர் செய்யக்கூடியது ஒழுங்கான கணக்கு: எந்தத் தேதி, எந்த இடம், ஆணா பெண்ணா, உடல் எவ்வளவு அழுகியிருந்தது, கண் பிதுங்கியிருந்ததா, வலை சுற்றியிருந்ததா. அறுத்துப் பார்ப்பது கால்நடை மருத்துவரின் வேலை.

ஒரே நாளில் ஆயிரம் அலையாத்திக் கன்று நட்டோம் என்று படம் போடுகிறார்கள். அதில் சேரலாமா?

சேருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போய் எண்ணிப் பார்ப்பவர் யார் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

இந்த வேலையில் நான் கண்டவரை அதிகப் பணமும் உழைப்பும் வீணாவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அலையாத்தியின் விதை தண்ணீரில் மிதந்து போய்ச் சேற்றில் தங்கித் தானே முளைப்பது. பக்கத்தில் தாய்மரம் இருந்தும் ஓர் இடத்தில் மரம் இல்லை என்றால் அங்கே ஏதோ சரியில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் கன்றை மட்டும் ஊன்றினால் அதுவும் சாகும்.

எண்ணூரில் சரியில்லாதது பெரும்பாலும் தண்ணீரின் போக்குவரத்து. அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து பல ஆண்டுகள் கசிந்து ஆற்றின் படுகையில் படிந்திருக்கிறது. சாலைக்கும் குழாய்ப் பாதைக்கும் கொட்டிய மண் சின்னச் சின்ன ஓடைகளை அடைத்திருக்கிறது. சென்னையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதன், உயர வித்தியாசமே ஒரு மீட்டரை ஒட்டியதுதான். அப்படி இருக்கும்போது தரை அரை அடி உயர்ந்தாலும் தண்ணீர் மாதத்தில் சில நாள்தான் ஏறும். ஏறியது வடியாமல் தேங்கினால் வெயிலில் காய்ந்து உப்பை விட்டுப் போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இப்படித் தேங்கிய மண்ணில் அதைத் தாண்டி ஏறிவிடும். அங்கே எதை நட்டு என்ன?

பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் செய்தது இதற்குப் பதில். ஆற்றிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போனதும் மண்ணின் உப்பு இறங்கியது. வாய்க்கால் சரிவில் நட்டவை பிழைத்தன. மண்வெட்டி முதலில், கன்று பிறகு.

அப்புறம் எந்தச் செடி என்பது. சுரபுன்னையின் விதை முழ நீளத்துக்குக் குச்சி போல இருக்கும், சேற்றில் குத்தினால் நிற்கும், படத்திலும் அழகு. அதனால் எல்லோரும் அதையே நடுகிறார்கள். உப்பு கூடிய வெளிகளைத் தாங்குவது வெண்கண்டல். அதன் இலையிலிருந்து உப்பு வெளியே வருவதை நாக்கில் வைத்தே பார்க்கலாம். விதை மழைக்காலத்தை ஒட்டி உதிரும். கன்றுக்கு எதிரிகள் மாடு, மிதந்து வந்து சுற்றிக்கொள்ளும் பழைய வலை, பிளாஸ்டிக். மாட்டுக்காரரிடம் பேசாமல் வேலி போட்டால் வேலிதான் முதலில் காணாமல் போகும்.

இன்னொன்றும் உண்டு. மரமில்லாத சேறு எல்லாம் வெற்றிடம் ஆகாது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் மேய்வது திறந்த சேற்றில். பல்லில் பறியை (மீன் கூடையை) கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதுதான் பிழைப்பிடம். அங்கே கன்று நட்டு ‘பசுமை’ ஆக்குவதற்கு நான் கை கொடுக்க மாட்டேன்.

சீமைக் கருவேலத்தை வெட்டுவது மட்டும் நல்ல வேலைதானே?

வெட்டினால் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வேறு எதுவும் வராவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே திரும்பி வரும். அதை விறகுக்கும் கரிக்கும் நம்பியிருக்கும் குடும்பங்களிடமும் முன்னாலேயே பேச வேண்டும்.

எண்ணூரில் இப்போது இதைவிடப் பெரிய தலைவலி தண்ணீருக்குள் இருக்கிறது. மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லும் மட்டி, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடலோரங்களைச் சேர்ந்தது. கப்பல்கள் வழியே வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் புதைந்து வாழும் சேற்றை மூடிவிடுகிறது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. இது எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று சதுரம் போட்டு எண்ணுவது புதியவர்கள் கற்றுக்கொள்ள நல்ல வேலை. கையுறை கட்டாயம்.

மணல் மேட்டில் என்ன நடலாம்?

நடுவதைவிட இருப்பதை மிதிக்காமல் விடலாம். அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடித்து வைப்பவை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை நெடுக சவுக்கு நட்டார்கள். அலை தொடும் தூரம்வரை சவுக்கு வந்துவிட்டால் ஆமைக்கு இடமில்லை.

பறவை பார்க்கத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. நவம்பர் முதல் மார்ச்சுக்குள் பழவேற்காட்டுக்கு ஒருமுறை போங்கள். பொன்னேரியிலிருந்து பேருந்து உண்டு. பூநாரையும் கூழைக்கடாவும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உள்ளான் வகைகளில்தான் தலை சுற்றும், பழைய ஆட்களுக்கும் சுற்றும். ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் கலந்துகொள்ளலாம். வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தொடங்கலாம்.

குப்பத்தில் வெளியாட்களை ஏற்றுக்கொள்வார்களா?

முறையாக வந்தால். முதலில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களைப் பார்த்து, யார், எதற்கு, எத்தனை நாள், கிடைக்கும் விவரத்தை என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். இருளர் குடியிருப்பு என்றால் அவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் வாங்கிய சம்மதம் அவர்களுக்குப் பொருந்தாது. வயதில் மூத்தவர்களை அண்ணா, அக்கா, ஐயா என்றே கூப்பிடுங்கள். ‘உங்களுக்கு விழிப்புணர்வு கொடுக்க வந்திருக்கிறோம்’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாடைக்காற்று எப்போது திரும்பும், முகத்துவாரம் எந்த மாதம் அடைக்கும், மடவை மீன் எங்கே வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரே சுழற்சியில் தீர்மானிக்கும். இதைத் தெரியாமல் படகு எடுத்துக்கொண்டு போய் மாதிரித் தண்ணீர் எடுக்கிறேன் என்று ஒருவர் வலைமேல் ஏறினால், அன்றைய அவர் வருமானம் போச்சு. காலை ஐந்து மணிக்கு ஏலக்களத்தில் பேட்டி எடுக்கப் போவதும் அப்படித்தான். மீன் விற்று முடியட்டும், டீ சாப்பிடும்போது பேசலாம்.

நீச்சல் தெரியணுமா?

தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் படகில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். தெரிந்தாலும்தான்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

சேறு. சாம்பல் கலந்த சேறு மேலே காய்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கும். ஊர் ஆள் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். ஆழி ஓடு காலைக் கிழித்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி மருத்துவரைப் பாருங்கள், மஞ்சள் தூளோடு விட்டுவிடாதீர்கள். திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலையில் வந்து கரையில் கிடக்கும் கடல் பாம்பு செத்ததுபோல இருந்தாலும் தொடாதீர்கள், விஷம் கடுமையானது.

எண்ணூருக்கே உரியது தொழிற்சாலை. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே வீட்டை விட்டு ஓடியது. கண் எரிந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்காக விலகி நடந்து போங்கள், ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோருக்கும் எங்கே போய்க் கூடுவது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் கசிவு வந்தால் வாளியோடு வரலாமா?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது அப்படித்தான் நடந்தது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் ஆற்றுக்குள் வந்தபோதும் மீனவர்கள் படகில் போய் அள்ளினார்கள். அந்த எண்ணெயும் அதிலிருந்து எழும் ஆவியும் தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு. முகக்கவசம், கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், யார் சொன்னாலும். எண்ணெய் அப்பிய பறவையைக் கண்டால் பிடித்துச் சோப்புப் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கசிவுக்குப் பிறகு எவ்வளவு சேதம் என்று கேட்பார்கள். கசிவுக்கு முன்னால் அங்கே எத்தனை நண்டு, எத்தனை பறவை இருந்தன என்று எழுதி வைத்தவர்கள் இருந்தால்தான் அதற்குப் பதில் உண்டு. சாதாரண நாளில் எழுதும் அலுப்பான நோட்டு அப்போதுதான் வெளியே வரும், நஷ்ட ஈட்டுக் கணக்கிலும் சரி, தீர்ப்பாயத்திலும் சரி.

அந்த நோட்டில் என்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், இடம், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று, கூட இருந்தவர் யார். பிறகு பார்த்தது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் போய்விடும். எதுவும் காணாத நாளிலும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை மட்டும் முகநூலில் போடாதீர்கள்.

பெண்கள் இரவு வேலைக்கு வரலாமா? வீட்டில் விடுவார்களா?

வருகிறார்கள், பல குழுக்களை நடத்துவதே பெண்கள்தான். தனியாக யாரும், ஆணோ பெண்ணோ, இரவில் நடக்கக் கூடாது. குழுத் தலைவர் எண், திரும்பும் வண்டி, நடை முடியும் ஊர் மூன்றையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ ஒரு இரவு கூட வரட்டுமா என்று குழுவிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். நடையின் நடுவில் கழிப்பறை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடுதி, கோயில், தெரிந்தவர் வீடு எங்கே என்று பழைய ஆட்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வந்து சேர்வது நல்லது?

ஆமைக்கு என்றால் டிசம்பரிலேயே குழுக்களைத் தொடர்புகொள்ளுங்கள், ஜனவரியில் கூட்டம் சேர்ந்துவிடும். பறவைக்கு நவம்பர். நாற்றங்கால் வேலைக்கு ஆகஸ்ட், செப்டம்பர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படகுக்காரர்களிடம் நிதானமாகப் பேசக் கிடைப்பது அப்போதுதான். வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.